கம்பெனி தொடங்கி வெளிநாட்டு விசா வாங்குறது: எந்த வழி யாருக்கு சரிவரும்?

போன வருஷம் தம்பி முறை ஆகுற ஒருத்தன் வீடியோ கால்ல ஒரு சின்ன டப்பாவ கேமரா முன்னாடி தூக்கிக் காட்டினான். உள்ள ஒரு கார்டு, கார்ட சொருகுற யூஎஸ்பி ரீடர், பின் நம்பர் போட்ட ஒரு கவர். "அண்ணா, எஸ்டோனியா ரெசிடென்சி கைக்கு வந்துருச்சு, எப்ப டிக்கெட் போடலாம்"னு கேட்டான். கார்ட திருப்பிக் காட்டுடான்னு சொன்னேன், ரெண்டு பக்கமும் அவன் போட்டோவே இல்ல. அது ஈ-ரெசிடென்சி, 2014 டிசம்பர்ல எஸ்டோனியா ஆரம்பிச்ச டிஜிட்டல் அடையாளம், அத வச்சு அந்த ஊர்ல ஆன்லைன்ல கம்பெனி திறக்கலாம், கையெழுத்துப் போடலாம், வரி கட்டலாம், ஆனா ஒரு நாள் கூட அங்க தங்குற உரிமை அதுல கிடையாது. அவன் முகம் வாடினத பாத்துட்டுதான் இத உக்காந்து எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா இதே குழப்பத்துல காசையும் வருஷத்தையும் விட்டவங்கள நான் நிறைய பாத்துட்டேன்.

மொதல்ல பிரிச்சுப் பாக்க வேண்டியது மூணு விஷயம். கம்பெனி உங்க பேர்ல இருக்கிறது ஒண்ணு, அந்த நாட்டுல தங்குற அனுமதி ஒண்ணு, அந்தக் கம்பெனில நீங்களே உக்காந்து வேல செய்ற அனுமதி இன்னொண்ணு. பிரிட்டன்ல உலகத்துல எங்க இருந்து வேணாலும் கம்பெனி ரெஜிஸ்டர் பண்ணலாம், அமெரிக்காவுல டெலவேர்லயோ வயோமிங்லயோ எல்எல்சி திறக்க அந்த மண்ண மிதிக்கக்கூட வேணாம், ஆனா இதுல எதுவும் விசாவுக்கு வழி இல்ல. விசிட் விசால போய் மீட்டிங் போடலாம், காண்ட்ராக்ட் பேசலாம், ஆனா கடைய திறந்து கல்லாவுல உக்காந்தா அது சட்டவிரோத வேல, உங்க சொந்தக் கடையா இருந்தாலும் சரி.

இன்னொரு விஷயம், இது என் சொந்த அனுபவத்துல இருந்து சொல்றது. எல்லாரும் மொத கார்டு எவ்ளோ சீக்கிரம் வரும், எவ்ளோ செலவாகும்னுதான் ஒப்பிடுறாங்க. நான் நாலு வருஷம் துபாய் ஃப்ரீஸோன் (வெளிநாட்டவர் கம்பெனி திறக்கிற தனி வியாபார மண்டலம்) கம்பெனில இருந்துட்டு அப்புறம் ஜெர்மனிக்கு சுயதொழில் பர்மிட்ல வந்தவன், ரெண்டுலயும் மொத கார்டு வாங்குனது கஷ்டமா இல்ல, ரினியூவல்தான் தூக்கத்த கெடுத்துச்சு. அதனால ஒரு வழிய எடை போடும்போது நான் இப்ப கேக்குற மொத கேள்வி, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு புதுப்பிக்கிற அன்னிக்கு என்கிட்ட என்ன கேப்பாங்க? ரெண்டாவது கேள்வி, நான் போடுற காசுல போற காசு எவ்ளோ, நிக்கிற காசு எவ்ளோ? இந்த ரெண்ட வச்சுதான் கீழ எழுதியிருக்கேன்.

துபாய், அபுதாபி பக்கம்: காசு கட்டினா நடக்கும், கட்டிட்டே இருக்கணும்

ஐக்கிய அரபு அமீரகத்துல உங்க ஐடியா நல்லதா கெட்டதான்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஃப்ரீஸோன்ல லைசன்ஸ் எடுக்கணும், எஸ்டாப்ளிஷ்மென்ட் கார்டு போடணும் (விசா எடுக்க கம்பெனிய குடிவரவுத் துறைல பதியிறது), என்ட்ரி பர்மிட் வரும், மெடிக்கல்ல ரத்தம் எடுப்பாங்க, நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பாங்க, கைரேகை வப்பீங்க, எமிரேட்ஸ் ஐடி வந்துரும். பாஸ்போர்ட்ல ஸ்டிக்கர் ஒட்டுறத 2022லயே நிறுத்திட்டாங்க, இப்ப ஐடி கார்டுதான் எல்லாம். வேகத்துல இதுக்கு பக்கத்துல நிக்க வேற நாடு எனக்குத் தெரியாது.

ஆனா இங்க கட்டுறது முக்கால்வாசி போற காசு. லைசன்ஸ் வருஷா வருஷம், ஆபீஸ் இல்லன்னா ஃப்ளெக்ஸி டெஸ்க் (பொது ஆபீஸ்ல ஒரு மேஜை) வாடகை வருஷா வருஷம், விசா பொதுவா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, இன்சூரன்ஸ் தனி. எத்தன விசா எடுக்கலாம்ங்கிறது உங்க ஆபீஸ் இடத்தப் பொறுத்தது, டெஸ்க் மட்டும் இருந்தா ஒண்ணு ரெண்டு விசாவோட நின்னுரும், ஆள் சேக்கணும்னா பெரிய இடத்துக்கு மாறணும். வரியே இல்லன்னு இப்பவும் சிலர் சொல்றாங்க, சம்பளத்துக்கு வருமான வரி இல்லங்கிறது உண்மைதான், ஆனா 2023 ஜூன்ல இருந்து கம்பெனி லாபம் 3,75,000 திர்ஹாமுக்கு மேல போனா பொதுவா 9 சதவீதம் கார்ப்பரேட் டாக்ஸ் உண்டு. லாபமே இல்லன்னாலும் கார்ப்பரேட் டாக்ஸுக்கு ரெஜிஸ்டர் பண்ணியாகணும், லேட் பண்ணா 10,000 திர்ஹாம் அபராதம்னு விதி. சின்ன கம்பெனிக்காரங்க பலபேர் இதத் தெரியாமலே உக்காந்திருந்தாங்க.

அப்புறம் அந்த ஆறு மாசக் கணக்கு. தொடர்ந்து 180 நாளுக்கு மேல நாட்டுக்கு வெளிய இருந்தா சாதாரண ரெசிடென்ஸ் விசா செத்துரும். அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப நான் ஒரு தடவ வெளிய போய் மாட்டிக்கிட்டேன், ஒவ்வொரு வாரமும் காலண்டர்ல பேனாவால கட்டம் அடிச்சு அடிச்சு, 171வது நாள் ராத்திரி ஃப்ளைட் ஏறி, மறுநாள் இமிக்ரேஷன் கவுண்டர்ல கண்ணு ஸ்கேன் ஆகுற வரைக்கும் நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இறங்கி ரெண்டு நாள்ல திரும்ப ஆஸ்பத்திரிக்கே போனேன். குடும்பத்துல வயசானவங்கள விட்டுட்டு வர்றவங்க இந்த 180ங்கிற நம்பர மறக்கவே கூடாது.

ரினியூவல் அன்னிக்கு கேக்குறது என்ன? பணம் கட்டிட்டீங்களா, மெடிக்கல் பாஸா, லைசன்ஸ் உயிரோட இருக்கா, அவ்ளோதான். வியாபாரம் நஷ்டத்துல ஓடுதான்னு யாரும் பாக்க மாட்டாங்க. அது நிம்மதிதான், ஆனா பத்து வருஷம் இப்படி கட்டினாலும் பதினோராவது வருஷமும் அதே வரிசைல நிக்கணும், ஃப்ரீஸோன் விசா பி.ஆர்., அதாவது நிரந்தரக் குடியிருப்பு, ஆகாது, குடியுரிமைக்கும் ஏறாது. கோல்டன் விசான்னு பத்து வருஷத்துக்கு ஒண்ணு இருக்கு, 20 லட்சம் திர்ஹாம் மதிப்புல சொத்து வாங்கினா அந்த வழி, அது வேற கணக்கு. ட்ரேடிங் பண்றவங்க, ரெண்டு மூணு நாட்டு க்ளையன்ட்ட ஒரே இடத்துல இருந்து பாக்குறவங்க, அஞ்சாறு வருஷம் நல்லா சம்பாதிச்சு சேத்துட்டு நகரலாம்னு தெளிவா இருக்கிறவங்க, இவங்களுக்கு துபாய் பொருந்தும். புள்ளைங்க பதினெட்டு தாண்டினதும் எங்க இருப்பாங்கன்னு யோசிக்கிறவங்களுக்கு கொஞ்சம் இடிக்கும். பையன ஸ்பான்சர் பண்ற வயச 2022ல 25 ஆக்கிட்டாங்கன்னாலும் அது தள்ளிப்போட்டதுதான், தீர்வு இல்ல.

பிரிட்டன்: ஐடியாவ ஒருத்தர் ஒத்துக்கணும்

2019 வரைக்கும் டியர் 1 என்ட்ரப்ரனர்னு ஒரு விசா இருந்துச்சு, 2,00,000 பவுண்டு காட்டணும். அத மூடிட்டு இன்னோவேட்டர்னு கொண்டுவந்தாங்க, 50,000 பவுண்டு. 2023 ஏப்ரல்ல அதையும் மாத்தி இன்னோவேட்டர் ஃபவுண்டர் ஆக்கி, அந்த 50,000 கட்டாயத்த எடுத்துட்டாங்க. உடனே எல்லாரும் ஆஹா காசே வேணாமான்னு பாய்ஞ்சாங்க. காசுக்கு பதிலா வந்தது எண்டார்ஸ்மென்ட். அரசாங்கம் ஒத்துக்கிட்ட எண்டார்ஸிங் பாடி ஒண்ணு உங்க திட்டம் புதுசு, நடக்கக்கூடியது, பெருசா வளரக்கூடியதுன்னு எழுதிக் குடுக்கணும். அந்த மதிப்பீட்டுக்கு 1,000 பவுண்டு, அப்புறம் நடுவுல ரெண்டு தடவையாவது உக்கார வச்சு கேள்வி கேப்பாங்க, ஒரு தடவைக்கு 500. விசா ஃபீஸ் தனி, ஹெல்த் சர்சார்ஜ் (அரசு மருத்துவத்துக்கு கட்டுறது) பெரியவங்களுக்கு ஆளுக்கு வருஷம் 1,035 பவுண்டு, புள்ளைங்களுக்கு கொஞ்சம் குறைவு, மூணு வருஷத்துக்கும் மொதல்லயே மொத்தமா கட்டணும், நாலு பேர் குடும்பம்னா கூட்டிப் பாத்துக்கங்க. இங்கிலீஷ் பி2 லெவல் வேணும்.

இதுல நல்ல பக்கம் ரொம்பப் பெருசு. மூணே வருஷத்துல செட்டில்மென்ட், அதாவது நிரந்தரமா தங்குற உரிமை கேக்கலாம். கம்பெனில வேல பாத்துட்டே வெளிய ஒரு தகுதியான வேலையும் பாக்கலாம், துணைவர் தாராளமா வேல பாக்கலாம். ஆனா மூணு வருஷம் கழிச்சு செட்டில்மென்ட் கேக்குற அன்னிக்கு ஏழு அளவுகோல்ல ரெண்டாவது காட்டணும். 50,000 பவுண்டு உண்மையா பிசினஸ்ல இறங்கியிருக்கா, வாடிக்கையாளர் எண்ணிக்கை ரெட்டிப்பாச்சா, பத்து பேருக்கு முழுநேர வேல குடுத்தீங்களா, வருஷ வருமானம் 10 லட்சம் பவுண்டா, இந்த மாதிரி. பாருங்க, வாசல்ல எடுத்த அந்த 50,000 உள்ள வந்து ஒளிஞ்சுக்கிட்டு நிக்குது. சின்னதா ஒரு கன்சல்டிங் வச்சு ஒழுங்கா குடும்பத்த நடத்துறவர் இங்க தோத்துருவார், அவர் வியாபாரம் நல்லா ஓடினாலும் கூட. டிராவல் ஏஜென்சி, சாதா வெப்சைட் கம்பெனி, சலூன், இதெல்லாம் புதுசுங்கிற ஒத்த வார்த்தையில அடிபட்டுரும்.

இங்கதான் ஒரு எச்சரிக்கை சொல்லணும். ஐடியா எழுதித் தர்றோம், எண்டார்ஸ்மென்ட் கேரண்டின்னு சொல்றவங்ககிட்ட தயவுசெஞ்சு போகாதீங்க. ரெடிமேடா எழுதின பிளானோட ஒருத்தர் இன்டர்வியூ போனத பக்கத்துல இருந்து பாத்தேன், உங்க போட்டியாளர் யாருன்னு கேட்டதுக்கு அவர் பிளான்லயே இருந்த பேர் அவருக்கு ஞாபகம் வரல. அவர் கெட்டவர் இல்ல, ஏமாந்தவர். எந்தெந்த அமைப்புக்கு எண்டார்ஸ் பண்ற அதிகாரம் இருக்குங்கிற லிஸ்ட் பிரிட்டன் அரசாங்க சைட்லயே இருக்கு, அத திறந்து பாக்க ஒரு நிமிஷம் போதும்.

பிரிட்டன்ல சுத்துவழி ஒண்ணும் பேசுறாங்க, செல்ஃப் ஸ்பான்சர்ஷிப்னு. அங்க கம்பெனி திறந்து, அந்தக் கம்பெனிக்கு ஸ்பான்சர் லைசன்ஸ் (வெளிநாட்டு ஆள வேலைக்கு எடுக்கிற அனுமதி) வாங்கி, அது உங்களையே ஸ்கில்டு ஒர்க்கரா வேலைக்கு எடுக்கிறது. தனி விசா கிடையாது, இருக்கிற விதிய இப்படி பயன்படுத்துறாங்க. 2025 ஜூலைல இருந்து ஸ்கில்டு ஒர்க்கர் சம்பளம் பொதுவா வருஷம் 41,700 பவுண்டுக்கு கீழ போக முடியாது, அதுவும் டிகிரி லெவல் வேலையா இருக்கணும். அந்தச் சம்பளத்த உங்க கம்பெனி உண்மையாவே சம்பாதிச்சு, வரி புடிச்சு, மாசாமாசம் உங்களுக்குப் போடணும். ஏற்கனவே வெளிநாட்டுல ஓடுற கம்பெனியும் க்ளையன்ட்டும் இருந்தா முடியும், பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கிறவருக்கு இது தன் காச தானே வரி கட்டி வாங்குற மாதிரி ஆயிடும்.

ஜெர்மனி: உனக்கு யார் காசு குடுப்பா?

நான் இங்கதான் இருக்கேன், அதனால இத கொஞ்சம் விரிவா சொல்றேன். குடியிருப்புச் சட்டத்தோட 21வது பிரிவுதான் சுயதொழிலுக்கு. முன்னாடி 2,50,000 யூரோ முதலீடு, அஞ்சு வேலைன்னு ஒரு கணக்கு இருந்துச்சு, 2012ல அத எடுத்துட்டாங்க. இப்ப குறைஞ்சபட்ச தொகைனு சட்டத்துல நம்பர் இல்ல. பொருளாதாரத் தேவை இருக்கா, நல்ல பலன் வருமா, பணத்துக்கு ஏற்பாடு இருக்கா, இந்த மூணையும் பாப்பாங்க, தொழில் சபைகிட்ட கருத்து கேப்பாங்க. ஜிஎம்பிஹெச், அதாவது ஜெர்மன் லிமிடெட் கம்பெனின்னா மூலதனம் 25,000 யூரோ, அதுல பாதி போட்டாலே ரெஜிஸ்டர் பண்ணலாம், ஆனா அது நிக்கிற காசு, கம்பெனி அக்கவுண்ட்ல இருந்து தொழிலுக்கே செலவு பண்ணிக்கலாம்.

இதுக்குள்ள ரெண்டு கதவு இருக்கு. ஒண்ணு கெவெர்பெ, அதாவது வியாபாரம், கடை, கம்பெனி. இன்னொண்ணு ஃப்ரைபெருஃப்லர், மொழிபெயர்ப்பாளர், பத்திரிகையாளர், கலைஞர், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் மாதிரி அறிவுத் தொழில் தனியா செய்றவங்க. ரெண்டாவது கதவுல அந்தப் பொருளாதாரத் தேவைக் கேள்விய விட்டுடுவாங்க, நுழையிறது சுலபம். ஆனா வெளிய சொல்லாத வித்தியாசம் ஒண்ணு இருக்கு. மொத கதவுல போனவர் தொழில் நல்லா போனா மூணே வருஷத்துல நிரந்தர அனுமதி கேக்கலாம், ஃப்ரீலான்ஸர் கதவுல போனவருக்கு அந்த மூணு வருஷச் சலுகை சட்டப்படி கிடையாது, பொதுவான அஞ்சு வருஷக் கணக்குதான். சுலபமான கதவுன்னு நுழையிறவங்களுக்கு இத யாரும் முன்னாடியே சொல்றதில்ல, எனக்கும் சொல்லல. அதோட 45 வயசு தாண்டினவங்க வயசான காலத்துக்கு போதுமான ஓய்வூதிய ஏற்பாடு இருக்குன்னு காட்டணும், இதுலயே நிறைய பேர் நின்னுடுறாங்க.

என் அப்பாயின்ட்மென்ட் இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. முப்பது பக்கம் பிசினஸ் பிளான், ஸ்பைரல் போட்டு, மொத பக்கத்துல லோகோ எல்லாம் வச்சு எடுத்துட்டுப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா அத ஒரு ஓரமா வச்சுட்டு வருமானக் கணிப்பு ஷீட்ட மட்டும் எடுத்தாங்க. மூணாவது மாசத்துல ஒரு பெரிய தொகை போட்டிருந்தேன், அந்தக் கட்டத்துல பேனா நுனிய வச்சு, "இத யார் தருவாங்க?"ன்னு கேட்டாங்க. ரெண்டு லெட்டர் நீட்டினேன். ஒண்ணுல "இவருடன் பணியாற்ற ஆவலாக உள்ளோம்"னு மட்டும் இருந்துச்சு, அத படிச்சுட்டு திருப்பியே குடுத்துட்டாங்க. இன்னொண்ணுல மாசம் எத்தன மணி நேரம், மணிக்கு எவ்ளோ, எத்தன மாசம்னு மூணு வரிதான், கீழ கையெழுத்து, முத்திரை. அத எடுத்துட்டுப் போய் ஜெராக்ஸ் போட்டு ஃபைல்ல வச்சாங்க. முப்பது பக்கத்துக்கு இல்லாத மதிப்பு அந்த மூணு வரிக்கு இருந்துச்சு. அதுனாலதான் இங்க வர ஆசைப்படுறவங்ககிட்ட நான் சொல்றது, பிளான் எழுத ஆள் தேடாதீங்க, எழுத்துல உறுதி குடுக்குற ரெண்டு க்ளையன்ட்ட தேடுங்க.

ரினியூவல்ல அவங்க பாக்குறது கணிச்ச வருமானம் வந்துச்சாங்கிறது இல்ல, வந்த வருமானத்துல வாடகை, இன்சூரன்ஸ், வரி போக குடும்பம் நிக்குதாங்கிறது. ஹெல்த் இன்சூரன்ஸ முன்னாடியே விசாரிச்சுக்கங்க, வெளிய இருந்து நேரா சுயதொழிலுக்கு வர்றவங்களுக்கு அரசு இன்சூரன்ஸ்ல இடம் பெரும்பாலும் கிடைக்காது, பிரைவேட்ல வயசு கூடக்கூட பிரீமியம் ஏறும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது பெரிய நகரங்கள்ல மாசக் கணக்குல இழுக்கும், பொறுமை இல்லாதவங்களுக்கு இது ஆகாது.

ஐரோப்பால மத்தது, சுருக்கமா

பிரான்ஸ்ல டேலண்ட் பர்மிட்டுக்குள்ள தொழில் தொடங்குறவங்களுக்கு ஒரு பிரிவு இருக்கு, 30,000 யூரோ முதலீடு, மாஸ்டர்ஸ் டிகிரி இல்லன்னா அஞ்சு வருஷ அனுபவம். நாலு வருஷம் வரைக்கும் ஒரே கார்டா தருவாங்க, துணைவருக்கும் வேல உரிமையோட கார்டு வரும். குடும்பஸ்தனுக்கு இது ஜெர்மனிய விட நிம்மதின்னு எனக்குப் படுது, பிரெஞ்சு மொழி கத்துக்க மனசு இருந்தா.

நெதர்லாந்து ஸ்டார்ட்அப் விசா ஒரு வருஷம்தான், அங்கீகாரம் வாங்கின ஃபெசிலிடேட்டர் ஒருத்தர் கூட இருந்து வழிகாட்டணும், வருஷம் முடிஞ்சதும் சுயதொழில் பர்மிட்டுக்கு மாறணும். ஒரு வருஷத்துல ஒரு பொருள செஞ்சு சந்தைக்கு கொண்டுவர்றது எவ்ளோ கஷ்டம்னு செஞ்சவங்களுக்குத் தெரியும். அதே நாட்டுல அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தா 1956ல போட்ட நட்பு ஒப்பந்தத்தால வெறும் 4,500 யூரோ மூலதனத்துல சுயதொழில் பர்மிட் வாங்கலாம், எந்த ஃபெசிலிடேட்டரும் வேணாம். எஸ்டோனியாவுல உண்மையான தங்குற பர்மிட் வேணும்னா ஸ்டார்ட்அப்னு கமிட்டி ஒத்துக்கணும், இல்ல சாதா கம்பெனின்னா 65,000 யூரோ முதலீடு, தனிநபர் தொழில்னா 16,000. ஈ-ரெசிடென்சி கார்டு வாங்கின அந்தத் தம்பிக்கு இந்தக் கணக்க படிச்சுக் காட்டினப்பதான் புரிஞ்சது. இத்தாலி ஸ்டார்ட்அப் விசாவுக்கு 50,000 யூரோ, அயர்லாந்து ஸ்டெப் திட்டத்துக்கும் 50,000, ரெண்டுமே புதுமையான தொழிலுக்குத்தான். போர்ச்சுகல்ல தொழில் தொடங்குறவங்களுக்கான டி2 விசால குறைஞ்சபட்ச தொகைனு ஒண்ணும் கிடையாது, ஆனா 2023 அக்டோபர்ல பழைய குடிவரவு அலுவலகமான எஸ்இஎஃப்ப கலைச்சு ஐமாங்கிற புது அலுவலகம் வந்தப்ப தேங்கின ஃபைல் மலை மாதிரி, கார்டுக்காக காத்திருந்தே வருஷம் ஓடினவங்க உண்டு.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா

அமெரிக்காவுல ஸ்டார்ட்அப் விசான்னு ஒண்ணு கிடையவே கிடையாது. முதலீடு போட்டு தொழில் நடத்துறவங்களுக்கு ஈ-2 விசா இருக்கு, ஆனா அதுல மொத கேள்வி உங்க பாஸ்போர்ட் எந்த நாட்டுது. ஒப்பந்தம் போட்ட நாட்டுக் குடிமகனுக்கு மட்டும்தான். ஜப்பான், சிங்கப்பூர், இலங்கை, பாகிஸ்தான் எல்லாம் லிஸ்ட்ல இருக்கு, இந்தியா, சீனா, பிரேசில் இல்ல. கிரெனடாவுலயோ துருக்கிலயோ முதலீட்டுல பாஸ்போர்ட் வாங்கி ஈ-2க்கு போறது ஒரு காலத்துல நடந்துச்சு, 2022 டிசம்பர்ல வந்த சட்டப்படி அப்படி வாங்கினவங்க அந்த நாட்டுல மூணு வருஷமாவது குடியிருந்திருக்கணும், அதனால அந்தக் குறுக்குவழிய இப்ப விக்கிறவங்க பேச்ச நம்பாதீங்க.

ஏற்கனவே ஓடுற கம்பெனி இருக்கிறவங்களுக்கு எல்-1ஏ, அதாவது கம்பெனி தன் மேனேஜர அமெரிக்க ஆபீஸுக்கு மாத்துற விசா, உண்மையிலயே நல்ல வழி. கடந்த மூணு வருஷத்துல ஒரு வருஷமாவது அந்தக் கம்பெனில மேனேஜரா, எக்ஸிக்யூட்டிவா இருந்திருக்கணும், புது அமெரிக்க ஆபீஸ்னா மொத அனுமதி ஒரே வருஷம். அந்த ஒரு வருஷம் முடியும்போது நீங்க மேனேஜர் வேலைதான் பாக்குறீங்க, கீழ ஆள் இருக்காங்கன்னு காட்டணும். தனி ஆளா பில் போட்டு, மெயில் அனுப்பி, டெலிவரியும் பாத்தா அது மேனேஜர் வேல இல்லன்னு மறுத்துருவாங்க, இங்க சறுக்குறவங்கதான் அதிகம். மொத்தம் ஏழு வருஷம் உச்சவரம்பு. ஈபி-5 கிரீன் கார்டு 8,00,000 டாலர்ல இருந்து ஆரம்பம், பத்து வேல உருவாக்கணும், அது பணக்காரங்க பேச்சு.

கனடா ஸ்டார்ட்அப் விசாவ நான் ரொம்ப வருஷம் எல்லாருக்கும் சிபாரிசு பண்ணியிருக்கேன், நேரா பி.ஆர். குடுத்த ஒரே திட்டம் மாதிரி இருந்துச்சு, ஒரு கம்பெனில அஞ்சு பேர் வரைக்கும். 2024 ஏப்ரல்ல, ஆதரவு லெட்டர் குடுக்க அனுமதி இருந்த ஒவ்வொரு அமைப்பும் வருஷத்துக்கு பத்து கம்பெனிக்குத்தான் ஆதரவு குடுக்கலாம்னு கட்டுப்படுத்தினாங்க, 2025 கடைசில புது விண்ணப்பம் வாங்குறதையே நிறுத்திட்டாங்க. ஆஸ்திரேலியாவோட 188ங்கிற தொழில், முதலீட்டு விசாவும் 2024 ஜூலைல மூடியாச்சு. இன்னமும் இந்த ரெண்டையும் போட்டு விளம்பரம் வந்தா தேதிய பாருங்க.

ஆசியா

சிங்கப்பூர்ல தொழில் தொடங்குறவங்களுக்கு என்ட்ரபாஸ் இருக்கு, முதலீட்டாளர் ஆதரவோ சொந்தத் தொழில்நுட்பமோ இருக்கணும், ஃபுட் கோர்ட், பார், மசாஜ் கடை எல்லாம் ஆகாதுன்னு தெளிவாவே போட்டிருக்காங்க. மொத பாஸ் ஒரு வருஷம், புதுப்பிக்கணும்னா கம்பெனி செலவும் உள்ளூர் ஆள் வேலையும் காட்டணும். இன்னொரு வழி, கம்பெனி திறந்து அது மூலமா உங்களுக்கே எம்ப்ளாய்மென்ட் பாஸ் கேக்குறது, 2025ல இருந்து சம்பளம் 5,600 சிங்கப்பூர் டாலர்ல ஆரம்பம், வயசு ஏறினா அதுவும் ஏறும், அதுக்கு மேல காம்பஸ்னு சம்பளம், படிப்பு எல்லாத்துக்கும் பாயின்ட் போடுற கணக்கும் உண்டு. தாய்லாந்துல ஒரு வெளிநாட்டவர் ஒர்க் பர்மிட்டுக்கு பொதுவா 20 லட்சம் பாத் மூலதனமும் நாலு தாய் ஊழியரும் வேணும், அதோட பல தொழில்ல பங்கு 49 சதவீதத்துக்கு மேல வெளிநாட்டவர் வச்சுக்க முடியாது, அதாவது பாதிக்கு மேல இன்னொருத்தர் பேர்ல இருக்கும். பினாமி ஆள வச்சு இத சமாளிக்கலாம்னு சொல்ற பேச்சுல விழுந்துடாதீங்க, சட்டப்படி குத்தம், உங்க கம்பெனியும் உங்களுது இல்ல.

ஜப்பான் கதைய கேட்டா மனசு கனக்குது. பிசினஸ் மேனேஜர் விசாவுக்கு ரொம்ப வருஷமா 50 லட்சம் யென் மூலதனம் இருந்தா போதும். அத நம்பி சின்ன ரெஸ்டாரன்ட், இம்போர்ட் கடை வச்சு குடும்பத்தோட செட்டில் ஆனவங்க நிறைய. 2025 அக்டோபர் 16ல இருந்து அது 3 கோடி யென், ஆறு மடங்கு. அதோட ஜப்பானியரோ நிரந்தரக் குடியிருப்பாளரோ ஒருத்தர முழுநேர ஊழியரா வச்சிருக்கணும், விண்ணப்பிக்கிறவருக்கோ ஊழியருக்கோ நல்ல ஜப்பானிய மொழி தெரியணும், மூணு வருஷ நிர்வாக அனுபவமோ மாஸ்டர்ஸோ வேணும். ஏற்கனவே இருக்கிறவங்களுக்கு 2028 அக்டோபர் வரைக்கும் கொஞ்சம் தளர்த்தி பாப்பாங்க, அதுக்கப்புறம் அவங்களுக்கும் அதே அளவுதான். கடைய ஒழுங்கா நடத்தி, வரி கட்டி, புள்ளைங்கள அங்க ஸ்கூல்ல போட்டவர் என்ன தப்பு பண்ணார்? ஒண்ணும் இல்ல. அதனாலதான், நிரந்தர அனுமதி எத்தன வருஷத்துலங்கிறத மத்த எல்லாத்தையும் விட மேல வச்சுப் பாக்கச் சொல்றேன். நிரந்தரம் ஆகுற வரைக்கும் விதி உங்க தலைக்கு மேல மாறிக்கிட்டேதான் இருக்கும், மூணு வருஷ வழிக்கும் பத்து வருஷ வழிக்கும் நடுவுல இருக்கிறது வெறும் ஏழு வருஷம் இல்ல, அந்த ஏழு வருஷத்துல வரக்கூடிய எல்லா மாற்றமும்.

அப்ப எத எடுக்கிறது

கைல ரெண்டு நிலையான க்ளையன்ட், தனி ஆள் தொழில், பெரிய முதலீடு இல்லன்னா ஜெர்மனி. அதே ஆளுக்கு 45 தாண்டியிருந்து ஓய்வூதிய ஏற்பாடு இல்லன்னா, அந்த 30,000 யூரோ போட முடிஞ்சா பிரான்ஸ பாருங்க. புதுசா ஒரு பொருள், அத உங்க வாயால ஒரு மணி நேரம் விளக்க முடியும், வளர்க்க காசும் பின்னாடி வரும்னா பிரிட்டன் இன்னோவேட்டர் ஃபவுண்டர், மூணு வருஷ செட்டில்மென்ட் வேற எங்கயும் இவ்ளோ தெளிவா எழுதி இல்ல. ஓடுற கம்பெனி, கீழ பத்து இருபது பேர் இருக்காங்கன்னா எல்-1ஏ. சரக்கு வாங்கி விக்கிறவர், உடனே நகரணும், பி.ஆர். கவலை இல்லன்னா துபாய். கைல கொஞ்சம் சேமிப்பு மட்டும், தொழில் என்னன்னே முடிவாகல, வெளிநாடு போனா போதும்னு இருக்கிறவங்களுக்கு நான் உண்மையா சொல்றேன், இந்த வழியே வேணாம், படிப்பு வழியோ வேல வழியோ போய் அங்க இருந்து தொழிலுக்கு மாறுங்க, ஊர் தெரிஞ்ச பிறகு வச்ச தொழில் நிக்கும்.

எங்க போறதா இருந்தாலும், ஆறு மாசம் கம்பெனி ஒத்த ரூபாய் சம்பாதிக்காம இருந்தாலும் வீட்டு வாடகை குடுக்க முடியுமான்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க, விசா ஃபீஸ் லிஸ்ட்ல இந்தச் செலவு எங்கயும் இருக்காது. பேங்க் அக்கவுண்ட் திறக்குறது தனியா ஒரு போராட்டம், புதுக் கம்பெனின்னா காசு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டுட்டே இருப்பாங்க, பழைய வரி ரிட்டர்ன், சம்பள ஸ்லிப், சொத்து வித்த பத்திரம் எல்லாத்தையும் கிளம்புறதுக்கு முன்னாடியே ஸ்கேன் பண்ணி, மொழிபெயர்த்து, ஒரே ஃபைலா வச்சுக்கங்க. துணைவருக்கு வேல உரிமை உண்டா இல்லையாங்கிறத அந்த நாட்டு அரசாங்க சைட்ல நீங்களே படிங்க, ஏஜென்ட் வாய்வார்த்தைய வச்சு முடிவெடுக்காதீங்க, மொத வருஷம் பல வீட்ட தாங்கினது அந்த இன்னொரு சம்பளம்தான்.

தம்பி இப்ப அந்த எஸ்டோனியா கார்ட வச்சே கம்பெனி திறந்து, ஊர்ல இருந்தபடியே ரெண்டு ஐரோப்பிய க்ளையன்ட்டுக்கு பில் போட்டுட்டு இருக்கான். அதுல ஒருத்தர் மியூனிக்ல இருக்கார், போன வாரம் அவர்கிட்ட மாசம் எத்தன மணி நேரம், மணிக்கு எவ்ளோ, எத்தன மாசம்னு எழுதி வாங்கச் சொல்லியிருக்கேன்.